கோட்டு அறை ஹெர்மீனாவின் ஒன்பது பக்கங்கள்

ஹெர்மீனா புர்சோவாவுக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டாள். கோட்டை எந்தக் கொக்கியில் மாட்டுகிறாள் என்பதில் காட்டிவிடுவாள். எங்கள் கோஷிட்சே நகரின் கலாசார மாளிகையில், நாடகம் பார்க்க வருகிறவர்கள் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகும் கோட்டு அறையில் அவளுக்கு வேலை; அங்கே நானூறு கொக்கிகள். கடைசி வரிசையில் நாலைந்து கொக்கிகளுக்கு மேலே வெந்நீர்க் குழாய் ஒன்று வருஷக்கணக்காக ஒழுகிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பிடிக்காதவர்களின் கோட்டுகள் நேராக அங்கேதான் போகும். நாடகம் முடிந்து வெளியே வரும் பெரிய மனிதர் ஈரத் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "உள்ளே மழையா பெஞ்சுது?" என்பார். "கட்டடம் அழுவுது, தோழர்" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனை வாங்குவாள்.

அந்தக் குழாயடிக் கொக்கியை எட்டு வருஷமாக ஒரு தடவை கூடத் தப்பாமல் பெற்றுவந்தவர் ஒருவர் உண்டு. பல்கலைக்கழகத்தில் கணிதம் சொல்லிக்கொடுக்கும் துணைப் பேராசிரியர் ரஸ்டிஸ்லாவ் ஹுட்டா. நனைந்த கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு வாயைத் திறக்காமல் போவார். அவர் ஒரு வார்த்தை முணுமுணுத்திருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அந்தப் பொறுமைதான் அவள் வயிற்றெரிச்சலை வளர்த்தது.

1987 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மூன்று மணி இசை நாடகத்துக்குக் கூட்டம் வந்துகொண்டிருந்தது. பல்கலைக்கழகத்து விரிவுரையாளர்கள் இரண்டு பேர் அவள் மேசைக்கு முன்னால் நின்று கழுத்துத் துணியை அவிழ்த்துக்கொண்டே பேசினார்கள்.

"கேட்டியா? அந்த இல்லைக் கேள்வி தீர்ந்துபோச்சாம்."

"எது, சூழல்சார் மொழியோட இல்லைக் கேள்வியா? இருபத்து மூணு வருஷமா கிடந்துதே!"

"அதேதான். 'முடியும்'னு பதில் வந்திருக்கு. நாம எல்லாரும் முடியாதுன்னுல்ல அடிச்சுச் சொல்லிட்டிருந்தோம்!"

"யாரு போட்டது?"

"அமெரிக்காவுல ஒருத்தர். இங்க நம்ம பிராட்டிஸ்லாவாவுல ஒரு மாணவன். ஒருத்தரை ஒருத்தருக்குத் தெரியாது. ரெண்டு பேரும் ஒரே வழியில போயிருக்காங்க. வழின்னா என்ன பெரிய வழி, எண்ணியிருக்காங்கப்பா. சும்மா எண்ணியிருக்காங்க. சில பக்கம்தான். படிச்சா சிரிப்பு வருது."

ஹெர்மீனாவின் கையில் இரண்டு கோட்டுகளும் அப்படியே நின்றன. "எட்டக்கூடிய நிலைகளையா எண்ணினாங்க? முதல் படியில எத்தனை, ரெண்டாம் படியில எத்தனைன்னு?" என்று கேட்டாள்.

இருவரும் கொக்கி பேசியதுபோல் அவளைப் பார்த்தார்கள். "ஆமா... உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார் மூத்தவர்.

"டோக்கனை வாங்கிக்குங்க. பின்னால வரிசை நிக்குது" என்றாள்.

அன்று மாலை வரை அவள் டோக்கன்களை மாற்றி மாற்றிக் கொடுத்தாள். அந்த மாணவன் மேலோ அமெரிக்கக்காரர் மேலோ அவளுக்குக் கோபமில்லை. அவர்கள் சொந்தமாக யோசித்தார்கள், சொந்தமாகக் கண்டார்கள், நன்றாக இருக்கட்டும். அவள் பற்களை நறநறவென்று கடித்தது ரஸ்டிஸ்லாவ் ஹுட்டாவை நினைத்து. அதே எண்ணுகிற வழியை எட்டு வருஷத்துக்கு முன்னால் அவள் எழுதி அவன் கையில் கொடுத்திருந்தாள். அவன் அதை இழுப்பறையில் போட்டுப் புதைத்துவிட்டான்.

கோட்டு மாட்டுகிறவள் கணிதம் எழுதினாளா என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகவேண்டியிருக்கிறது. ரயில்வே சிக்னல்காரர் ஒருவரின் மகளான ஹெர்மீனா, அறுபதுகளில் அந்தப் பல்கலைக்கழகத்திலேயே பாடம் எடுத்தவள். நாம் எழுதும் நிரலைக் கணிப்பொறி படித்துப் புரிந்துகொள்ள ஒரு மொழிபெயர்ப்பு நிரல் வேண்டும். அதை எழுதுகிற வேலையில் அவளை மிஞ்ச எங்கள் பக்கத்தில் ஆளில்லை. ஒரு குறியை இன்னொரு குறியாக மாற்றிக்கொண்டே போகிற விதிகள்தான் அவள் உலகம். அதிலும் சூழல்சார் மொழிகள் என்று ஒரு வகை. அங்கே ஒரு குறி தன்னிஷ்டத்துக்கு மாறாது. இடப்பக்கம் யார், வலப்பக்கம் யார் என்று பார்த்துத்தான் மாறும். எங்கள் நாட்டில் வாழ்ந்தவர்களுக்கு அதை விளக்க அவளுக்கு ஒருபோதும் சிரமம் இருந்ததில்லை.

அந்த மொழிகளை அடையாளம் காணும் இயந்திரத்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. கொடுத்த சொல் எவ்வளவு நீளமோ, ஏறக்குறைய அவ்வளவு நீளத் தாள்தான் அதற்குக் கணக்குப் போட. ஒரு சொல் மொழியைச் சேர்ந்தது என்று காட்டுவது சுலபம். ஏதாவது ஒரு வழியை ஊகித்துப் போய்ச் சேர்ந்துவிட்டால் போதும். சேராதது என்று காட்டுவதுதான் தலைவலி. எல்லா வழியும் அடைபட்டிருக்கிறது என்று காட்டவேண்டும், அதுவும் அதே துண்டுத் தாளுக்குள். இது முடியுமா என்பதுதான் இல்லைக் கேள்வி. உலகத்தில் அந்தத் துறைக்காரர்கள் ஏறக்குறைய எல்லாரும் முடியாது என்று நம்பினார்கள். ஹெர்மீனாவும் அப்படித்தான் நம்பினாள்.

1968இல் அண்டை நாடுகளின் டாங்கிகள் எங்கள் நாட்டுக்குள் வந்தன. 1970இல் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டது. குழுத் தலைவர் கோலெசார், அவளுக்குப் பக்கத்து அறைக்காரர்தான். "படைகள் வந்தது சகோதர உதவின்னு ஒத்துக்கிறீங்களா?" என்றார். ஆமாம் என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னவர்களுக்கு நாற்காலி இருந்தது. ஹுட்டா சொன்னான். ஹெர்மீனா, "சகோதரன் வீட்டுக்கு வந்தா கதவைத் தட்டுவான்" என்றாள். அடுத்த மாதம் அவளுக்குப் பாடம் கிடையாது, அறை கிடையாது, அச்சில் பெயர் கிடையாது. ஆறு மாதம் எங்கும் வேலை கிடைக்காமல் அலைந்து, கடைசியில் கோட்டு அறை கிடைத்தது.

குற்றவுணர்ச்சி ஹுட்டாவைச் சும்மா விடவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்து தருவான். பிறகு ஒருநாள் அவனாகவே வந்து, "நீ எழுது, ஹெர்மீனா. என் பேருல போட்டுடறேன். நான் உனக்குக் கூரை" என்றான். அந்த நாட்களில் தடைபட்டவர்களுக்குப் பெயரை இரவல் கொடுத்தவர்களைக் கூரைக்காரர்கள் என்று சொல்வது வழக்கம். அவன் பெயரில் அவளுடைய இரண்டு கட்டுரைகள் வந்தன. அதில் ஒன்று, இல்லைக் கேள்விக்கு விடை 'முடியாது' என்றே இருக்கும் என்பதற்குச் சில அறிகுறிகள். கட்டுரைக்காக அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். அவள் கோட்டு மாட்டினாள்.

1979 பிப்ரவரியில்தான் அது நடந்தது. உறைபனிக் காலம். நாடகம் தொடங்கி அரைமணி ஆகியிருக்கும். ஒரு பெண்மணி மூச்சிரைக்கக் கோட்டு அறைக்கு வந்தாள்.

"என் புருஷன் உள்ளே இருக்கானா?"

"டிக்கெட் இல்லாம உள்ளே விடமாட்டாங்க, அம்மணி."

"உள்ளே போக வேணாம். இருக்கானா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க. தொழிற்சங்கத்தோட நாடகம் பாக்கப் போறேன்னு கிளம்பினான். அந்த நாய் வேற எங்கயோ இருக்கான்னு எனக்குத் தெரியும்."

வாசலில் கிழித்த டிக்கெட்டுகள் இருநூற்றுப் பன்னிரண்டு. கோட்டைக் கொடுக்காமல் அரங்குக்குள் காலெடுத்து வைக்க எங்கள் ஊரில் யாருக்கும் அனுமதி கிடையாது. அந்தக் குளிரில் கோட்டில்லாமல் வந்த பைத்தியமும் கிடையாது. கொக்கியில் இருந்தவை இருநூற்றுப் பன்னிரண்டு கோட்டுகள். ஹெர்மீனா பலகையைத் தூக்கி அவளை உள்ளே விட்டாள். "ஒண்ணாம் கொக்கியிலேருந்து வரிசையா பாத்துட்டு வாங்க. ஒண்ணையும் விடாதீங்க, ஒண்ணை ரெண்டு தடவை பாக்காதீங்க."

பெண்மணி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். கடைசி வரை போனாள். "அவனோடது இல்லை" என்றாள்.

"அப்ப உங்க புருஷன் உள்ளே இல்லை."

"சத்தியம் பண்ணுவீங்களா?"

"சத்தியம் எதுக்கு? உள்ளே இருக்கறது இருநூத்துப் பன்னெண்டு பேரு. நீங்க பாத்தது இருநூத்துப் பன்னெண்டு கோட்டு. இருநூத்துப் பதிமூணாவது ஆளுக்கு இடமே இல்லை."

"வரட்டும் வீட்டுக்கு. அவன் காலை உடைச்சு அடுப்புல வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

ஹெர்மீனா முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஒருவன் இல்லை என்பதை அவள் இப்போதுதான் நிரூபித்திருக்கிறாள். யார் பெயரையும் எழுதி வைக்கவில்லை. ஒரே ஒரு எண் போதுமாக இருந்தது. ஆட்கள் ஆயிரமாயிரமாக இருந்தாலும் எண்ணை எழுதச் சின்னத் தாளே போதும். இயந்திரத்துக்கும் அப்படித்தான். கணக்குப் போடும்போது அது எட்டக்கூடிய நிலைகள் மொத்தம் எத்தனை என்று சரியாகத் தெரிந்தால், அத்தனையையும் வரிசையாக ஊகித்துப் பார்த்து, இந்த நிலை அதில் இல்லை என்று அடித்துச் சொல்லலாம். அந்த மொத்தத்தை எப்படி அறிவது? முதல் படியின் எண்ணைக் கொண்டு இரண்டாம் படியின் எண், அதைக் கொண்டு மூன்றாம் படி. மூன்று நாளில் எழுதி முடித்தாள். முதல் பக்கத்தில் 1979 மார்ச் 4 என்று தேதி போட்டு ஹுட்டாவிடம் கொடுத்தாள். வீட்டைச் சோதனை போட வருவார்கள் என்ற பயத்தில் குறிப்புகளை எல்லாம் அடுப்பில் போட்டாள்.

மே மாதம் ஹுட்டா கோட்டு அறைக்கு வந்தான். "அதுல ஒரு ஓட்டை இருக்கு, ஹெர்மீனா" என்றான்.

"எங்க?"

"அஞ்சாம் பக்கத்துல. எண்ணற இடத்துல. விடு, அது முடியாதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

ஓட்டை என்னவென்று அவனால் சொல்ல முடியவில்லை. அவன் பொய் சொல்கிறான் என்று அவளுக்கு உடனே புரிந்தது. இவ்வளவு பெரிய கட்டுரை தன் பெயரில் வந்தால் நாலு பேர் கேள்வி கேட்பார்கள், பதில் தெரியாமல் விழிப்போம், யார் எழுதியது என்று மேலிடம் தோண்டும். அந்தப் பயம்தான் என்று முடிவு கட்டினாள். அதற்குப் பிறகு அவனோடு பேசவில்லை. கணவர் எமில் படுக்கையில் விழுந்தார், இரண்டு வருஷத்தில் போய்ச் சேர்ந்தார். அவளுக்கு மிச்சம் இருந்தது கோட்டும் கோபமும்தான்.

ஞாயிற்றுக்கிழமை செய்தி கேட்டவள் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஹுட்டாவின் அடுக்குமாடி வீட்டுக் கதவைத் தட்டினாள். அந்தப் பக்கங்கள் வேண்டும். பிராட்டிஸ்லாவாவுக்கு எழுதுவாள், தேதியைக் காட்டுவாள். அந்த மாணவனிடமிருந்து எதையும் பிடுங்குவதற்காக இல்லை. கோஷிட்சேயில் ஒருத்தி இருந்தாள், அவள் பெயர் ஹெர்மீனா புர்சோவா என்று ஒரு வரி அச்சில் வரவேண்டும். பதினேழு வருஷத்துக்கு ஒரு வரி. அது அவளுக்குச் சேரவேண்டியது.

கதவைத் திறந்த ஹுட்டாவின் மனைவி ஷெல்மீரா வழக்கப்படி வீட்டுச் செருப்பை எடுத்து அவள் காலடியில் வைத்தாள். ஹெர்மீனா பூட்ஸோடு பனிச் சேற்றை மிதித்துக்கொண்டு நேராகச் சமையலறைக்குள் போனாள். எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்காரியை அதைவிட அவமானப்படுத்த முடியாது.

ஹுட்டா காபிக் கோப்பையோடு எழுந்து நின்றான்.

"எங்கடா என் பக்கங்க?"

"உக்காரு, ஹெர்மீனா."

"உக்கார வரலை. எட்டு வருஷம் இழுப்பறையில வெச்சுப் பூட்டினியே, அதைத் தேடி எடு. எரிச்சுட்டேன்னு சொன்னா இந்த ஜன்னல் வழியா உன்னைத் தூக்கிப் போட்டுட்டுத்தான் போவேன். அஞ்சாவது மாடி. கணக்கு உனக்கே தெரியும்."

"என்னங்க இது காலங்காத்தால?" என்றாள் ஷெல்மீரா.

"உங்க வீட்டுக்காரரைக் கேளுங்க. எட்டு வருஷமா அவர் கோட்டு ஏன் நனைஞ்சு வருதுன்னு."

"ஓ, அது நீங்கதானா!" என்றாள் ஷெல்மீரா. "அந்தக் கோட்டைக் காயவெச்சே நான் பாதிக் கிழவியாயிட்டேன்!"

ஹுட்டா உள்ளே போய்ப் பழுப்பு நிறக் கோப்பு ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். நாடா அழுக்கேறியிருந்தது. பல தடவை அவிழ்த்துக் கட்டிய நாடா. "ஒன்பது பக்கமும் இருக்கு" என்றான்.

"எட்டு" என்றாள் ஹெர்மீனா. "நான் எழுதினது எட்டு."

"ஒன்பது. படி."

அவள் நின்றுகொண்டே படித்தாள். ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ஹுட்டாவின் பென்சிலில் சின்னச் சின்ன சரி அடையாளங்கள். ஒரு தடவை போட்டவை அல்ல. கறுப்பு, நீலம், மறுபடி கறுப்பு. ஐந்தாம் பக்கத்தில் அடையாளங்கள் மொய்த்துக் கிடந்தன. ஓட்டை எதுவும் இல்லை. எல்லாம் சரி. எட்டாம் பக்கத்தின் கீழே முடிவு இருந்தது: முடியும். அவள் முகம் ஜிவ்வென்று சிவந்தது. "பாவி! எல்லாத்தையும் சரின்னு போட்டிருக்கே!" என்று கத்தினாள். அவள் கத்தி யாரும் கேட்டது அதுதான் முதல் முறை.

"அடுத்த பக்கத்தைப் படி" என்றான் அவன்.

ஒன்பதாம் பக்கம் பாதிதான் எழுதியிருந்தது. எழுத்து அவளுடையது. அதை எழுதியது அவளுக்கு நினைவே இல்லை. எட்டு வருஷக் கோபம் தனக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு இதைக் கழித்துவிட்டிருந்தது.

"ரஸ்டிஸ்லாவ், இது உண்மையாக இருக்க முடியாது. இவ்வளவு சுலபம் என்றால் யாராவது எப்போதோ கண்டிருப்பார்கள். எண்ணுகிற இடத்தில் எங்கோ தவறு செய்திருக்கிறேன். நான் கோட்டு மாட்டுகிறவள். பழக்கம் விட்டுப்போய்விட்டது. தவறைக் கண்டுபிடித்துச் சொல். அதுவரை யாரிடமும் காட்டி என்னைக் கேலிக்கு ஆளாக்காதே."

ஹெர்மீனா அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஒன்பது தடவை பாத்தேன்" என்றான் ஹுட்டா. "எனக்குத் தவறு அகப்படலை. நீ இருக்குன்னு எழுதியிருந்தே. நீ சொல்லி எதுதான் தப்பா போயிருக்கு? எனக்குத்தான் அதைக் கண்டுபிடிக்கிற மூளை இல்லைன்னு நினைச்சேன். உன் பேருல இருக்கவேண்டிய நாற்காலியில உக்காந்துக்கிட்டு, உன் முன்னால வந்து எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியலைன்னு எப்படிச் சொல்றது? அஞ்சாம் பக்கம்னு வாயில வந்ததைச் சொன்னேன்."

"சரியா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா?"

"சரியா இருக்கும்னு எனக்குத் தோணவே இல்லையே. உனக்கே தோணலை."

இதைவிடக் கேவலமான ஒரு கதையை அவள் கேட்டதில்லை. பயத்தில் புதைத்தான் என்றால் காறித் துப்பலாம். இங்கே துப்பவேண்டிய முகம் ஒன்று மட்டும் இல்லை. இவன் அவளை நம்பினான், அவள் ஊரை நம்பினாள், சரியான விடை இரண்டு பேர் கையிலும் இருந்தது, இரண்டு பேரும் அது இல்லை என்று சாதித்தார்கள். அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக வந்தது. ஷெல்மீரா கசகசா ரொட்டியை வெட்டி வைத்தாள். யாரும் தொடவில்லை.

ஹுட்டா குரலைத் தாழ்த்தினான். "ஒண்ணு பண்ணலாம். ஒன்பதாம் பக்கத்தைக் கிழிச்சுடுவோம். எட்டுப் பக்கம் போதும். முதல் பக்கத்துல தேதி இருக்கு. எழுபத்தொன்பதுல உன்கிட்டேருந்து வாங்கினேன்னு நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். உன் ஒரு வரி கிடைச்சிடும்."

அவன் சொன்னது நடக்கக்கூடியதுதான். அந்தப் பாதிப் பக்கத்தைத் தவிர அவளுக்கும் அந்த வரிக்கும் நடுவில் எதுவும் இல்லை. அவள் தாளை விரல்களுக்கு நடுவில் பிடித்தாள். கிழிக்கிற மாதிரி ஓரத்தை மடித்தாள்கூட. பிறகு அவளுக்கு வந்த கோபம் அந்த வீட்டில் இருந்த யார் மேலும் இல்லை. நான் கோட்டு மாட்டுகிறவள் என்று எழுதியிருக்கிறாளே, அந்த வரியை அவளுக்குள் வைத்தவர்கள் மேல். இதைக் கிழித்தால் அவர்கள் செய்ததற்கு இருக்கிற ஒரே சாட்சியும் போய்விடும்.

"நாளைக்கு உங்க கருத்தரங்குல யாரு பேசறா?" என்று கேட்டாள்.

"நான்தான். பிராட்டிஸ்லாவா நிரூபணத்தை விளக்கச் சொல்லியிருக்காங்க."

"நீ பேசாதே. நான் பேசறேன்."

"ஹெர்மீனா! உன்னை உள்ளே விட்டா என்னைத் தூக்கிடுவாங்க. கோலெசார் முன் வரிசையில உக்காந்திருப்பார். இப்ப துறைத் தலைவரே அவருதான்."

"அவர் இருக்கணும். அவர் இருந்தே ஆகணும்" என்று சொல்லிவிட்டுக் கோப்பை அள்ளிக்கொண்டு எழுந்தாள். வாசலில், "தரையை அழுக்காக்கிட்டேன், மன்னிச்சுக்குங்க" என்று ஷெல்மீராவிடம் மட்டும் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு அவள் கரும்பலகைக்கு முன்னால் நின்றாள். பதினேழு வருஷம் கழித்து அந்த அறைக்குள் வந்திருந்தாள். இருபது பேர் இருந்தார்கள். ஞாயிறன்று கோட்டைக் கொடுத்த இரண்டு விரிவுரையாளர்களும் அவளை அடையாளம் கண்டு ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள்.

கோலெசார் கண்ணாடியைக் கழற்றினார். "இவங்களை யாரு கூப்பிட்டது?"

ஹுட்டா எழுந்தான். அவன் காதுமடல்கள் வெளுத்திருந்தன. "நான் கூப்பிட்டேன்" என்று சொல்லி, சுண்ணக்கட்டியை அவள் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தான்.

வெளியே போ என்று சொல்லக் கோலெசார் வாயெடுப்பதற்குள் ஹெர்மீனா ஆரம்பித்துவிட்டாள். குறிப்பைப் பார்க்கவில்லை. அரங்கத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர், கொக்கியில் இருநூற்றுப் பன்னிரண்டு கோட்டு என்று தொடங்கினாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கோட்டுகளை நிலைகளாக்கினாள், கொக்கி வரிசையை எண் வரிசையாக்கினாள், ஒரு படியின் எண்ணைக் கொண்டு அடுத்த படியின் எண்ணைப் பிடித்தாள். இருபது நிமிஷத்தில் சிரிப்பு நின்றது. நாற்பதாவது நிமிஷத்தில் பலகையின் அடியில் 'முடியும்' என்று எழுதிக் கோடு போட்டாள். ஞாயிற்றுக்கிழமை சிரிப்பு வருகிறது என்று சொன்ன விரிவுரையாளர் வேகவேகமாக எழுதிக்கொண்டிருந்தார்.

"பிராட்டிஸ்லாவாக் கட்டுரையை நல்லா படிச்சிருக்கீங்க" என்றார் கோலெசார்.

"நான் அதைப் படிக்கலை. இன்னும் கண்ணால பாக்கலை."

"அப்ப இது?"

"எழுபத்தொன்பது மார்ச்சுல எழுதினது. தேதி இருக்கு. துணைப் பேராசிரியர் ஹுட்டாகிட்ட கொடுத்து வெச்சிருந்தேன்."

அறையில் முணுமுணுப்பு எழுந்தது. எல்லாரும் ஹுட்டாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் தலையசைத்தான்.

கோலெசார் நிதானமாகச் சிரித்தார். மற்றவர்களை மட்டம் தட்டியே மேலே வந்த மனிதரின் சிரிப்பு. "அப்படின்னா எட்டு வருஷம் ஏன் வெளியே வரலை, அம்மணி? ஏதாவது தவறு இருந்திருக்கும், இல்லையா?"

"இருந்துச்சு" என்றாள் ஹெர்மீனா. "ஒன்பது பக்கத்துல ஒரே ஒரு தவறு. வாசிக்கிறேன், கேளுங்க."

அவள் ஒன்பதாம் பக்கத்தை வாசித்தாள். ஒரு வார்த்தையையும் விடவில்லை. நான் கோட்டு மாட்டுகிறவள், பழக்கம் விட்டுப்போய்விட்டது என்ற இடத்தில் குரல் தடுமாறவில்லை. கேலிக்கு ஆளாக்காதே என்பது வரை வாசித்து முடித்தாள். அதோடு அச்சில் வரவேண்டிய தன் ஒரு வரி போய்விட்டது என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது. தன் கண்டுபிடிப்பைத் தானே தவறு என்று எழுதிக் கொடுத்தவளுக்கு உலகத்தில் எந்தப் பத்திரிகையும் இடம் கொடுக்காது.

"இதுதான் தவறு" என்றாள், அந்தப் பாதிப் பக்கத்தில் விரலை வைத்து. "மத்த எட்டுப் பக்கத்தையும் ஒன்பது தடவை பாத்தாச்சு. ஒண்ணும் இல்லை."

பிறகு தாளைக் கொண்டுபோய்க் கோலெசாரின் மேசையில், அவர் கைக்கு நேரே வைத்தாள்.

"எழுபதுல நீங்க என்னை வெளியே அனுப்பறதுக்கு முன்னால இந்தப் பக்கத்தை நான் எழுதியிருக்க மாட்டேன், தோழர் கோலெசார்."

அவர் அந்தத் தாளைத் தொடவில்லை.